‘சும்மாதான் கெடக்குது’ என்று சொன்னவள் நான்

"புள்ளைய முன்னால கட்டு! முதுவுல வேணாம்! முன்னால!"

அண்ணன் கத்துகிறான். நான் ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. காலை மணி பத்தேகால். குவாரியிலிருந்து ஒரே ஒரு விசில்தான் கேட்டது. மூன்று ஊத வேண்டும். மூன்றாவது ஊதிய பிறகுதான் தோட்டா வெடிக்க வேண்டும். அன்று முதல் விசிலோடு பாறை பிளந்தது.

முதலில் காலுக்கடியில் ஓர் உதறல். அப்புறம் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அதுதான் பயம். கல் மேலே போயிருக்கிறது. இனி இறங்கும்.

இறங்குகிறது. ஓட்டின் மேல் சடசட. சாமைக் கொல்லையில் பொத்துப் பொத்தென்று. செல்வி என் முதுகில். இரண்டரை வயது. கல் எனக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஓடிக்கொண்டே முடிச்சை அவிழ்க்கிறேன். இறுகிப் போயிருக்கிறது. பல்லால் கடித்து இழுத்தேன். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பாறை மறைவில் விழுந்தேன்.

"மாடு கட்டிக் கெடக்குது! நீ அங்கியே இரு, வந்துர்றேன்!"

அண்ணன் திரும்பி ஓடினான்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். அந்த வெடி மலையேற வழி காட்டியவள் நான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நான் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். ஆறு வயதில், கரும்பு வெட்டப் போன கூட்டத்தோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டைப் பக்கம் இறங்கினாள். அங்கே காய்ச்சலில் செத்தாள். மேஸ்திரி வீட்டுக்காரி என்னை வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டாள் என்றால், பாத்திரம் தேய்க்க. அண்ணன் சடையன் மலையிலேயே மாமன் வீட்டில் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றுவிட்டான். இருபது வருடம் அவன் இருக்கிறானா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். மலைக்கு ரோடு போட அளக்க வந்த நாலு பேருக்கு அவர்தான் வண்டி. அவர்கள் போன ஊரிலெல்லாம் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "என் சம்சாரம் மலைக்காரிதான் சார், இட்டுக்கினு வரேன்" என்று இவர் வாய் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்திருப்பேன், அது வேறு விஷயம்.

செல்விக்கு அப்போது எட்டு மாதம். கீழே பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைப்பார்கள். எங்கள் மலையில் முதுகில் கட்டுவோம். முன்னோர்கள் காஞ்சியிலிருந்து சாமியை முதுகில் சுமந்து வந்தார்களாம், அதனால் பிள்ளையும் முதுகில். ஜீப்பை விட்டு இறங்கியதும் என்னையறியாமல் முதுகில்தான் கட்டினேன். கதவுகள் திறந்தன. நம்ம பொண்ணு என்றார்கள். பச்சைப் பிள்ளையோடு யாரும் கெடுதல் செய்ய வரமாட்டார்கள் என்று நம்பினார்கள். நாலு பேரும் என் பின்னால் ஊர் ஊராக நுழைந்தார்கள்.

மூன்றாம் நாள். ஒரு மேட்டில் ஓர் ஆள் விறகுக் கட்டோடு நின்று என்னையே பார்த்தான். "எந்தூரும்மா நீ? யார் வூட்டுப் பொண்ணு?" அம்மா பேரைச் சொன்னேன். விறகு கீழே விழுந்தது. "பாப்பா" என்றான். நடுவழியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் இல்லை.

அண்ணன் தன் கொல்லையைக் காட்டினான். பாறையை ஒட்டி மூன்று ஏக்கர். அந்த வருடம் விதைக்கவில்லை. இரண்டு வருடம் விதைத்தால் ஒரு வருடம் மண்ணை விட்டுவிடுவோம், தேறட்டும் என்று. அதைத்தான் அண்ணன் சொன்னான். "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டார் பெரிய சார். செல்வி பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணனோடு பேச வேண்டும், இவர்கள் நகர்ந்தால் போதும். "சும்மாதான் கெடக்குது சார்" என்றேன். அவர் ஒரே சொல் எழுதினார். தரிசு. எழுத்துக்கூட்டி நானும் படித்தேன். மனசுக்கு ஒன்றும் படவில்லை.

திரும்பும்போது மழை. ஓடையைத் தாண்டுகையில் சார் வழுக்கினார். அளந்து எழுதிய காகிதமெல்லாம் இருந்த பை தண்ணீரோடு போகிறது. பிள்ளையோடு குதித்தேன். இடுப்பளவு வெள்ளம். எட்டிப் பிடித்துவிட்டேன். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் இளித்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்த ஓடைதான். ஒவ்வொரு தடவையும் பையைப் போக விடுகிறேன்.

ரோடு வந்தது. நல்ல ரோடுதான், பொய் சொல்ல மாட்டேன். பிரசவ வலி வந்தவளை இப்போது தூளி கட்டித் தூக்குவதில்லை. ஆனால் ரோட்டுக்கு ஜல்லி வேண்டும். தரிசு என்று எழுதிய இடத்தில் பாறை இருந்தது. அடுத்த வருடமே அண்ணன் சாமை விதைத்துவிட்டான். யாரும் மறுபடி வந்து பார்க்கவில்லை. குவாரி வந்தது. ரோடு முடிந்தும் வெடி நிற்கவில்லை. அண்ணன் மனு மேல் மனு கொடுத்தான். "எவனோ தப்பா எழுதிக்கினு பூட்டான் பாப்பா" என்பான். எழுத வைத்தது யார் என்று நான் வாய் திறக்கவில்லை. மிச்சக் கொல்லையில் அறுப்புக்குக் கூடமாட இருக்க வந்தேன். அறுப்பு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, புழுதி அடங்கியது. கொட்டகைப் பக்கம் போகிறேன். மாடு இரண்டும் அவிழ்ந்து மேட்டில் நிற்கின்றன. அண்ணன் குப்புறக் கிடக்கிறான். கையில் கயிறு. பின்மண்டையில் பட்ட கல் பக்கத்திலேயே கிடந்தது. என் உள்ளங்கை அளவுகூட இல்லை. "எழுந்திரு அண்ணா, எழுந்திரு" என்று உலுக்கினேன். செல்வியும் உலுக்கினாள்.

போனவை இவை. கொல்லை, மூன்று ஏக்கரில் இரண்டேகால். ஓட்டு வீடு இரண்டு. காய்ப்புப் பலா ஒன்று. ஆடு நாலு. எதிர் வீட்டு அத்தைக்கு இடது காது. ஊரை விட்டு இறங்கியது ஏழு குடும்பம்.

செத்தது ஒருவர். சடையன், முப்பத்தொரு வயது. காணாமல் இருந்தது இருபது வருடம். கிடைத்து இருந்தது இரண்டு வருடம். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.