மூணு விரக்கடை

— மூடாதீங்க. காலு வெளியவே இருக்கட்டும்.

— ஐஸ் மாதிரி இருக்கு புள்ள. கால் கதகதப்பா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

— அவரு சொல்லுவாரு. நான் பழகிக்கிறேன்.

— எதைப் பழகுற?

— துணி பத்தாமப் படுக்குறதை.

— உன் வாயில நல்லதே வராதா? கீழ கடை நிறையத் துணி. ஜவுளிக்காரன் பொண்டாட்டிக்குப் போர்வை பத்தலையாம். கேக்குறவன் சிரிப்பான்.

— ஏங்க, எனக்குக் கபன் துணி எடுத்து வச்சிட்டீங்களா?

— அந்தப் பேச்சை விடு.

— ஊருல செத்துப்போன எத்தனை பொம்பளைங்க மையத்தைக் குளிப்பாட்டுனவ நான். எங்கிட்ட என்ன ஒளிவு? காலையில நீங்க கீழ துணி கிழிச்ச சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

— எடுத்து வச்சிருக்கேன். இருக்குறதுலயே உசத்தி. பால் மாதிரி வெள்ளை. தோய்ச்சாலும் சுருங்காது.

— யாரு தோய்க்கப் போறா?

— வாய் தவறிடுச்சு. வியாபாரி நாக்கு.

— அதுதானே உங்களுக்கு வசதி. போர்த்திக்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து, பாய், துணி குறையுதேன்னு கேக்க மாட்டாங்க.

— என்ன சொல்ற நீ?

— எந்தக் கோல்ல அளந்தீங்க?

— கடையில இருக்குறது ஒரு கோல்தானே.

— ரெண்டு. கல்லா பக்கத்துல தொங்குறது உசுரோட இருக்குறவங்களுக்கு. கபன் அலமாரிக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. நுனியில மூணு விரக்கடை அறுத்துட்டு, பித்தளைப் பூணை மறுபடி மாட்டினது.

— உனக்கு யாரு சொன்னா?

— காலு சொல்லுச்சு. குளிப்பாட்டி, துணியைச் சுத்தி, தலைமாட்டுல முடிச்சுப் போட்டுட்டுக் கால்மாட்டுக்கு வருவேன். பெருவிரல் எட்டிப் பாக்கும். மொதல்ல நெட்டை ராத்தாவுக்கு. சரி, அவங்க உசரம் அப்படின்னு விட்டுட்டேன். அடுத்து தையல் டீச்சர். என் தோளுக்குத்தான் வருவா. அவளுக்கும் காலு தெரிஞ்சுது. அன்னைக்கு வந்து உங்க அலமாரியத் தொறந்து பாத்தேன்.

— பாத்துட்டு ஏன் கேக்கலை? அன்னைக்கே கேட்டிருந்தா விட்டிருப்பேன்ல?

— குளிப்பாட்டுறவ பாத்ததை வெளிய சொல்லக்கூடாதுங்க. மையத்துகிட்ட ஒரு குறையைக் கண்டா மூடணும், நாம மூடுனா அல்லாஹ் நம்மளதை மூடுவான்னு சொல்லித்தான் எங்க மாமி இந்த வேலையவே கத்துக் குடுத்தாங்க. நான் மக்கு. மையத்தோட குறையோட சேத்து உங்க துணியோட குறையையும் மூடிட்டேன்.

— அப்ப அந்தக் காலையெல்லாம்...

— என் தொழுகைத் துப்பட்டாவுல ஆளுக்கு ஒரு துண்டு கிழிச்சு மூடினேன்.

— அந்த வெள்ளைத் துப்பட்டாவா? வருஷா வருஷம் குட்டையாகுதேன்னு கேட்டதுக்கு எலி கடிச்சுதுன்னு சொன்னியே.

— எலிதான். ரெண்டு கால் எலி.

— சிரிக்காத. மூச்சு வாங்குது பாரு.

— இப்பக் கண்ணை மூடினா அவங்க மூஞ்சி எதுவும் வர மாட்டேங்குது. காலுதான் வருது. அதோ, அந்தச் சுவரோரமா வரிசையா. பட்டப்பகல்லயே. ஏங்க, நமக்கு அப்ப சோத்துக்கு இல்லாமயா போச்சு?

— கூரை ஒழுகுச்சு... இல்ல. உங்கிட்ட எதுக்குப் பொய்? கூரை நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை அளவு தவறி ஒரு துண்டு மிஞ்சுச்சு. யாரும் வந்து கேக்கலை. சும்மா வந்ததுல ஒரு ருசி புள்ள. அந்த ருசி நாக்குல ஒட்டிக்கிச்சு. பக்கத்துக் கடையை வாங்குனா அடங்கும்னு நெனச்சேன். வாங்கினேன். அடங்கலை.

— அஞ்சு வேளையும் தொழுதுக்கிட்டே.

— தொழுறேன். சஜ்தாவுல நெத்தியை வச்சா, இந்தப் பாய் எத்தனை கோல் வரும்னு ஓடுது. முன் வரிசையில நிக்கிறவர் முதுகைப் பாத்தா, இவருக்கு எவ்வளவு துணி ஆகும்னு ஓடுது. அளவுல குறைக்கிறவனைப் பத்தி இமாம் ஓத ஆரம்பிச்சா எனக்கு இருமல் வந்துடும். பள்ளியில எல்லாருக்கும் தெரியும், ஜவுளிக்கடை பாய்க்கு நெஞ்சுச் சளின்னு. துஆ கேட்டு அழுது எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? கை ஏந்துறேன். உள்ள ஒண்ணும் இல்ல. நான் கோலைத்தான் அறுத்தேன்னு நெனச்சேன்.

— மனுசன் வாயை மண்ணைத் தவிர எதுவும் நிரப்பாதுன்னு நபி சொன்னதா ஹஜ்ரத் சொல்லும்போதெல்லாம், பெருசாத் தலையாட்டுனது நீங்கதான்னு பள்ளிக்குப் போயிட்டு வந்தவங்க சொல்லுவாங்க.

— போதும் புள்ள. இனிமே செய்ய மாட்டேன்னு அல்லாஹ்கிட்ட தவ்பா செஞ்சுட்டேன். போன வாரம் அந்தக் கோலை அடுப்புல போட்டு எரிக்கச் சொல்லிட்டேன்.

— யாரை?

— நம்ம சமையக்கார அம்மாவை.

— உங்க கையால எரிக்கலை, பாத்தீங்களா? நல்ல கட்டை, எரிக்க மனசு வரலைன்னு அவ அதை எங்கிட்ட கொண்டுவந்து குடுத்துட்டா. என் மெத்தைக்கு அடியில இருக்கு. எடுங்க.

— எதுக்கு?

— எனக்கும் அதுலயே அளங்க.

— பைத்தியமா உனக்கு?

— தவ்பாவை அல்லாஹ் ஏத்துக்குவான். அந்தப் பொம்பளைங்களுக்குச் சேர வேண்டியதை அவங்கதானே மன்னிக்கணும்? நான் அவங்க இருக்குற இடத்துக்குத்தான் போறேன். உங்களுக்கும் மன்னிப்புக் கேக்கணும், வாயை மூடிக்கிட்டு இருந்த எனக்கும் கேக்கணும். தலையிலேர்ந்து கால் வரைக்கும் போர்த்திக்கிட்டுப் போயி எந்த மூஞ்சியை வச்சுக் கேப்பேன்?

— நாளைக்கு மறுமையில எழுப்பும்போது எல்லாருமே வெறுங்காலோடதான் நிப்போம். இது தெரியாதா உனக்கு?

— அது அவன் எழுப்புறது. இது நீங்க அனுப்பினது.

— நபி கூட இருந்த சஹாபாக்கள்லயே ஒருத்தருக்குத் துணி பத்தாம, காலைப் புல்லைப் போட்டு மூடினாங்களாம்...

— அவங்ககிட்ட துணி இல்லை. உங்ககிட்ட கடையே இருந்துச்சு. பேச்சை இழுக்காதீங்க, எனக்கு நேரமில்லை. கோலை எடுங்க.

— என்னால முடியாது. அடிச்சாலும் முடியாது. ஊராளுங்களுக்குச் செஞ்சேன், ஒத்துக்குறேன். சொந்த மனுசருக்கு இந்தக் கை குறைச்சு அளக்காது. எங்க உம்மா மவுத்தானப்ப ஒருத்தரையும் துணியைத் தொட விட்டேனா? அழுதுக்கிட்டே நானே அளந்தேன், நானே கிழிச்சேன். என் ஆயுசுல சுத்தமா செஞ்ச காரியம் அது ஒண்ணுதான். அதை நெனச்சுத்தான் ராத்திரி தூங்குறேன். அந்தக் கையால உனக்கு எப்படி...

— இதை மட்டும் சொல்லாமப் போயிடலாம்னு இருந்தேன்.

— எதை?

— அழுதது கண்ணுதாங்க. கை பழக்கத்துல அலமாரிக்குள்ள போயி அந்தக் கோலையே எடுத்துடுச்சு. என் துப்பட்டாவுல பெரிய துண்டு உங்க உம்மா காலுக்குத்தான் போச்சு.