புகை போகும் திசை

புதிதாகக் கணினி கட்டப் போகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியைக் கடைசியாகத்தான் வாங்குகிறார்கள். உள்ளே போகும் சாமான்களை எல்லாம் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் அவற்றை எதற்குள் திணிப்பது என்று தேடுவார்கள். அது தவறு. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். என் மகன் இனியனுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டாக்டர், போன வாரம் செங்கல்பட்டில் உங்கள் கிளினிக்குக்கு நாங்கள் வந்தபோது, பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கை நடுக்கம் இந்த மாத்திரைக்கு முன்னாடியே இருந்துச்சா, ஆரம்பிச்ச பிறகு வந்துச்சா? அவசரமில்ல சார். வீட்டுல நிதானமா யோசிச்சு, ஆரம்பத்துலேர்ந்து எழுதிட்டு வாங்க."

முதலில் பார்த்த டாக்டர், இப்போது மாற்றலாகிப் போய்விட்டவர், அப்படிக் கேட்டதில்லை. நான் நிதானமாகவே யோசித்தேன். ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

என் வேலை காற்றோட்டம். பெரிய கட்டடங்களில் குளிர்ந்த காற்று எங்கே போக வேண்டும், சூடான காற்று எங்கே வெளியேற வேண்டும் என்று பார்ப்பது. அணுபுரம் குடியிருப்புக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அளப்பதற்குக் கருவிகள் உண்டு, ஆனாலும் நான் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ஊதுபத்தி வைத்திருப்பேன். கொளுத்திக் காற்றுத் துவாரத்தின் முன்னால் பிடித்தால் போதும். புகை பொய் சொல்லாது. இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளினால், எங்கோ ஒரு விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் மனைவி விஜயகுமாரி நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சமையலறையில் விழுந்தாள். நான் வேலையில் இருந்தேன். இனியன் கல்லூரி விடுதியில் இருந்தான். மதியம் மூன்று மணிக்கு எதிர்வீட்டு சகுந்தலா அம்மா உறைமோர் கேட்டு வந்து, பதில் இல்லாமல், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். கிரைண்டர் அதுவரை சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வந்து சேர்ந்தபோதும் யாரும் அதை நிறுத்தியிருக்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். உளுந்து சூடாகிக் கருத்திருந்தது. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தனியாக இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் யூகித்துச் சொல்லவில்லை.

இனியன் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்த ஒரு வருஷம் நன்றாக இருந்தது. நான் சாம்பார் வைப்பேன், அவன் சாதம் வைப்பான். மற்ற நேரமெல்லாம் பழைய லேப்டாப்பில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட அணி, எதிரில் ஐந்து பேர். சும்மா பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் ஓர் அணி நடத்தும் ஹரிப்ரியா என்ற பெண் இவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். எட்டு வாரம், சனிக்கிழமைதோறும் வீட்டிலிருந்தபடியே தேர்வு ஆட்டம். தேறினால் அணியோடு தங்கலாம், சம்பளம் உண்டு. லேப்டாப் தாங்காது, நல்ல கணினி வேண்டும் என்றான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டு வந்தான்.

"பத்து லிட்டருக்கு மேல போகக் கூடாதுப்பா."

"பத்து லிட்டரா? கணினியா, தண்ணி கேனா?"

"பெட்டியோட கொள்ளளவுப்பா. அப்படித்தான் சொல்லுவாங்க."

"இவ்வளவு சின்னதுல அவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டை வெச்சா இட்லிப் பானை மாதிரி வேகும்டா. மேஜைல எடமா இல்ல?"

"முதுகுப் பையில போகணும்பா. பெங்களூருக்கு எடுத்துட்டுப் போக."

அவன் போகப் போகிறான் என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். பத்து லிட்டர் என்பதன் அர்த்தம் அதுதான்.

இருந்தாலும் திட்டம் போட்ட அந்த இரண்டு மாதம்தான், விஜயகுமாரி போன பிறகு என் வாழ்க்கையில் மிக நல்ல காலம். நோட்டில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கணக்குப் போட்டோம். பெட்டியில் சரிபாதியை கிராஃபிக்ஸ் கார்டு எடுத்துக்கொண்டது. பிராசஸரின் மேல் உட்காரும் குளிர்விப்பான் மூன்று விரல் உயரத்துக்கு மேல் இருக்க முடியாது. அதனால் கீழே இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, மேலே இரண்டு விசிறி சூட்டை வெளியே தள்ள என்று நான் முடிவு செய்தேன். கடற்காற்றின் உப்புக்கும் மணலுக்கும் கீழே மெல்லிய வலை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவன் சிநேகிதன் ஸ்டான்லி வந்து மாட்டிக்கொடுத்தான். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தோம். புகை அடியில் நுழைந்து மேலே ஒரு கோடு போல வந்தது.

"அங்கிள், இன்னா மூளை உங்களுக்கு," என்றான் ஸ்டான்லி. "இவ்ளோ சின்னப் பொட்டில இந்த மாரி காத்து போய் நான் பாத்ததே இல்ல. கடைக்கு வந்து குந்திக்கோங்க, நான் லீவு போட்டுக்கறேன்."

ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியும் எழுபத்தொரு டிகிரியைத் தாண்டவில்லை. இனியன் என் தோளில் கை போட்டுக்கொண்டான். பெரியவனான பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் மனம் தெளிவாக இருக்கும் என்று சொல்லி அவனை அனுப்பினேன். அவன் போன பிறகு மூடியைக் கழற்றி, மேலே இருந்த இரண்டு விசிறிகளையும் திருப்பி மாட்டினேன். எட்டுத் திருகாணிகள், ஆறு நிமிஷம். இப்போது நான்கு விசிறிகளும் காற்றை உள்ளே தள்ளும். சூடு போக இடமில்லை.

இதனால் கணினி கெட்டுவிடாது, டாக்டர். அது புத்திசாலி. சூடு அதிகமானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் கால் மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு அவ்வப்போது ஒரு சிறு தயக்கம், இமைக்கும் நேரத்தில் பாதி. அந்த விளையாட்டில் அந்தப் பாதிதான் எல்லாம். தேர்வு ஆட்டத்தின்போது வேறு எந்த மென்பொருளும் ஓடக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் எத்தனை டிகிரி என்று அவனால் பார்க்க முடியாது.

தோற்றான். தோற்றால் தலைக்குக் குளிக்கும் பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவன் குளித்து முடிப்பதற்குள் விசிறிகளைப் பழையபடி மாட்டிவிட்டேன். சாயங்காலம் சோதித்துப் பார்த்தான். எழுபத்தொரு டிகிரி.

"பொட்டி நல்லாத்தான்பா இருக்கு," என்றான். "என் கைதான் லேட்டா வருது."

"முதல் நாள் பதட்டம்டா, சரியாயிடும்," என்றேன்.

இரண்டாவது வாரமும் தோற்றான். மூன்றாவது வாரம் எனக்கு சனிக்கிழமை வேலை வந்துவிட்டது. அன்று ஜெயித்தான். அவன் ஆட்டத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததாக ஹரிப்ரியா போன் செய்து சொன்னாளாம். நாலாவது வாரம் தோற்றான்.

ஸ்டான்லி முட்டாள் இல்லை. அடுத்த நாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், வாரம் பூரா சூப்பரா ஆடறான். சனிக்கெழமை மட்டும் இன்னா பேஜாரு? அதுலயும் நீங்க டூட்டிக்குப் போன அன்னிக்கு ஜெயிச்சிகினு வரான். அடுத்த வாரம் காலைலயே வந்து பொட்டி பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன். அவன் கைல ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும்."

"தாராளமா வாப்பா," என்றேன்.

அன்று சாப்பிடும்போது இனியனிடம், ஸ்டான்லி கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு உன்னைப் போலவே நடித்துக் காட்டினானாம், கை நடுங்குவது மாதிரி, எல்லோரும் சிரித்தார்களாம் என்று சொன்னேன். யாரோ சொன்னார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை என்றேன். இனியன் ரசம் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டான். சனிக்கிழமை காலை ஸ்டான்லி வந்து அழைப்பு மணி அடித்தபோது, நான் திறக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்தபடி இனியனே, "போடா, போய் உன் கடைல நடிச்சுக் காட்டு," என்றான். ஸ்டான்லி வெகுநேரம் வாசலில் நின்றான். "இன்னாடா சொல்ற மச்சான், புரியல," என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

ஐந்தாவது ஆட்டம் தோற்ற பிறகு அவனை முதல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பதற்றம் என்று ஒரு மாத்திரை எழுதினார். நியாயமான டாக்டர். நான் சொன்னதைத்தான் அவர் எழுத முடியும்.

ஆறாவது சனிக்கிழமை விஜயகுமாரியின் நினைவு நாள். எனக்கு அது நினைவிருந்தது. ஆனால் அவன் அம்மா படம் அந்தக் கணினிக்கு நேர்மேலே சுவரில் மாட்டியிருப்பதை நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அது. நடந்துவிட்டு வந்தவன் கணினியைப் போட்டுவிட்டு, படத்துக்குக் கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தான். கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"அப்பா, இங்க வாங்க. புகை உள்ள போவுது."

போய்ப் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் மேல்பக்கத் துவாரத்துக்குள் புகை நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது.

"எங்கடா? வெளியதான் வருது."

"இல்லப்பா, நல்லாப் பாருங்க. மேலேர்ந்து உள்ள இழுக்குது."

"பாத்துட்டுத்தான்டா சொல்றேன். இருபத்தாறு வருஷமா இதைத்தானே பாத்துட்டிருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். புகையைப் பார்த்தான். ஊதுபத்தியை எடுத்து இன்னும் கிட்டே பிடித்தான். புகை மொத்தமும் உள்ளே போயிற்று. அவன் மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். எந்தப் பக்கம் காற்று போகும் என்று விசிறியின் விளிம்பிலேயே அம்புக்குறி இருக்கும். திறக்கவில்லை. நல்ல பையன்.

"எனக்கு உள்ள போற மாதிரிதான்பா தெரியுது," என்றான். குரல் இறங்கியிருந்தது.

நான் அவன் நெற்றியில் கை வைத்தேன். "கண்ணும் இப்படி ஆயிடுச்சா கண்ணா," என்றேன். அவன் தலையைக் கோதிக்கொண்டே நின்றேன். அது நடிப்பு இல்லை, டாக்டர்.

ஊதுபத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தான். அன்று அவன் ஆடவில்லை. அதற்குப் பிறகும் ஆடவில்லை. ஹரிப்ரியா நாலைந்து தடவை போன் செய்தாள். கடைசித் தடவை நான் எடுத்து, உடம்பு சரியில்லை, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றேன். அவளும் நல்ல பெண்தான். அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் டாக்டரிடம் போனபோது, இல்லாததைப் பார்க்கிறான் என்று நான்தான் சொன்னேன். அவர் இனியனைக் கேட்டார். இனியன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டாக்டர், புகை தப்பா தெரிஞ்சுது," என்றான். அதற்குத்தான் அந்தப் பச்சை அட்டை மாத்திரை. பன்னிரண்டாவது நாள் காலை காபி டம்ளர் அவன் கையில் ஆட ஆரம்பித்தது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: பிறகுதான். முன்பு அவன் கையில் ஒன்றும் இல்லை. அவ்வளவு நிதானமான கையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

பிறகு வந்தது என்றால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆறு மாதத்தில் பையன் பழையபடி ஆகிவிடுவான் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அப்போது நீங்கள் அவனைப் பார்த்தீர்கள். அவன் என்னைப் பார்த்தான், சந்தோஷப்படலாமா என்று.

நீங்கள் நல்ல டாக்டர் என்று தெரிகிறது. அதனால்தான் இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதினேன். எழுதியதை விஜயகுமாரியின் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். உங்களுக்குத் தனியாக ஒரு தாளில் நாலு வரி எழுதியிருக்கிறேன். நடுக்கம் முன்பே இருந்தது, அவன் அம்மா இறந்த வருஷத்திலிருந்தே லேசாக உண்டு என்று. மாத்திரை தொடரட்டும்.

இன்று காலை அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். நான்காவது பொத்தானில், "நீங்க இல்லேன்னா நான் என்னப்பா பண்ணுவேன்," என்றான். நான் சொல்லிக்கொடுத்து அவன் சொல்லவில்லை. தானாகச் சொன்னான். எனக்கு இருபத்தாறு வருஷத்தில் கிடைத்த எந்தப் பாராட்டும் இதற்கு ஈடில்லை.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவன் தனியாகத்தான் இருக்கிறான். அந்த மாத்திரைக்குப் பிறகு நடக்கும்போது சில சமயம் விழுகிறான், தானாக எழ முடிவதில்லை. சகுந்தலா அம்மாவும் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் பயமில்லை. கிளம்பும் முன் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன்.