தம்பி கொண்டுவந்த மாத்திரை

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் புருஷன் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

“வேற மருந்து எதாவது திங்காரான்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னுட்டேன்.”

“முட்டு வலிக்குத் தெனமும் ஒண்ணு போடுவாருல்லா?”

“அது மருந்தாக்கா? தம்பி சவுதியிலேர்ந்து சோப்பு, தைலத்தோட கொண்டுவந்தது.”

“ஏட்டி கழுதை! நெஞ்சுல ஆபரேசன் செஞ்சு, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை திங்குத ஆளு அவரு. அதுகூட வலி மாத்திரை சேந்தா வயித்துல ரத்தம் போவும்.”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

“மிச்ச மாத்திரை எங்கட்டி?”

“ஆஸ்பத்திரியில அவரு தலையணைக்கு அடியில. வலிச்சா போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”