ஏழாவது வீச்சு

வெள்ளைக்காரர்களால் மர நாற்காலியில் இருபது நிமிடத்துக்கு மேல் சும்மா உட்கார முடியாது. இருபதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கொசுவை அடிப்பார்கள், பஸ் எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பத்தொன்பதாவது நிமிடத்தில் ஏதாவது நடந்தாக வேண்டும். என் தொழிலே அதுதான், இன்ஸ்பெக்டர்.

பதினெட்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மாதா கோயில் திருவிழாவோ, மாரியம்மன் திருவிழாவோ, துரைக்கு வழியனுப்பு விழாவோ, எதுவானாலும் சிரிலைக் கூப்பிடு என்பார்கள். பந்தலை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டால் வெயில் கண்ணைக் கூசாது, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பேச்சு என்பதெல்லாம் எனக்குத் தானாக வரும். இதற்குப் படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரியும். தெரிந்தபோது கோபமாக இருந்தது.

எண்பதாம் வருஷம் புஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகளைப் பார்க்கப் பினாங்கு ஹோட்டல்களிலிருந்து பஸ்கள் வர ஆரம்பித்தன. காலையில் பெர்ரி ஏறி வருகிறவர்களுக்குக் கல்லைப் பார்த்து முடித்ததும் சாயங்காலம் செய்ய ஒன்றுமில்லை. நான் வேலையை விட்டேன். பீடோங்குக்கு வெளியே ஒரு தோட்டத்துத் திடலைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தமிழர் கலை மாலை என்று தொடங்கினேன். கோலாட்டம், உறுமி மேளம், கடைசியில் சிலம்பம். பிறகு தேத்தண்ணியும் வடையும்.

சிலம்பத்துக்கு இரண்டு பேர். மனோகரன் புக்கிட் செலம்பாவ் பக்கம், நடராஜா பீடோங்குக்கு இந்தப் பக்கம். இரண்டு பேருமே மத்தியானம் வரை ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்கள். சேர்ந்து பழக நேரமில்லை. அதனால் வீச்சு வரிசையை நான் எழுதுவேன். வியாழக்கிழமை ஹோண்டா மோட்டார்சைக்கிளில் இருவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். முதல் வீச்சு தோளுக்கு, இரண்டாவது முழங்காலுக்கு, இப்படிப் பன்னிரண்டு. வாசலில் நின்று ஒருமுறை திருப்பிச் சொல்வார்கள். சனிக்கிழமை நேராகத் திடலில்தான் சந்திப்பார்கள். தன்னிடம் சொன்னதைத்தான் மற்றவனிடமும் சொல்லியிருப்பேன் என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. அவ்வளவு நம்பிக்கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதல் ரத்தம் தற்செயலாகத்தான் வந்தது. நடராஜாவின் கம்பு வழுக்கி மனோகரனின் புருவத்தைக் கிழித்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் எழுந்து நின்று படம் எடுத்தான். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பஸ் வந்தது.

பிறகு அவ்வப்போது ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒருவனிடம் சொல்வேன், மற்றவனிடம் சொல்லமாட்டேன். கைக்கும் காலுக்கும் மட்டும்தான், தலைக்குப் போகமாட்டேன். பத்து மாதத்தில் நடராஜாவின் மணிக்கட்டு ஒருமுறை உடைந்தது. நடராஜாவின் முழங்கை இடித்ததில் மனோகரனுக்கு மூன்று பல் போனது. பல் மண்ணில் கிடந்ததை ஒரு ஜெர்மன்காரர் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு போனார். ஓசை நன்றாகக் கேட்கட்டும் என்று சுங்கை பட்டாணியில் கம்பு நுனிகளுக்குப் பித்தளைப் பூண் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் மருந்துச் செலவு என்னுடையது, அடிபட்டவனை அப்படியே விடுகிறவன் நான் இல்லை.

எண்பத்திரண்டு ஜூன் மாதம் தலைநகரில் உள்ள சுற்றுலாத் துறையிலிருந்து கடிதம் வந்தது. வடக்கு மாநிலங்களுக்கு ஒரு விழா ஏற்பாட்டாளரை நிரந்தரமாகப் போடப் போகிறார்களாம். மூன்றாவது சனிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து என் நிகழ்ச்சியைப் பார்ப்பார். என் வாழ்க்கையில் நான் கேட்டது அந்த ஒரு நாற்காலியைத்தான்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மனோகரன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி புஷ்பவள்ளி கோப்பி கொடுத்தாள். ஆறு மாதக் கர்ப்பம். அவன் கொஞ்சம் தயங்கித்தான் பேசினான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க லா. உங்களுக்கு வேல ஜாஸ்தி. சில நேரம் அவன்கிட்ட சொல்றத என்கிட்ட சொல்ல மறந்துடுறீங்க."

"அப்படியா தம்பி?"

"பரவால்ல, நானும் நடராஜாவும் பேசிட்டோம். இந்த அதிகாரி வந்து போகட்டும். அடுத்த மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழம நாங்களே பீடோங் பாசார்ல பாத்து வரிச போட்டுக்குறோம். நீங்க பஸ்ஸு, சாப்பாடு மட்டும் பாருங்கண்ணே. உங்களுக்கும் ரெஸ்ட்டு."

புஷ்பவள்ளி சிரித்தாள். "பல்லு இன்னும் போனா பிள்ளைக்குக் கத சொல்ல முடியாதுண்ணே, எல்லாம் காத்தாத்தான் வரும்."

நானும் சிரித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் அவன் பேச்சில் இல்லை, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பேசினான். ஆனால் பஸ்ஸும் சாப்பாடும் பார்க்க யாரால்தான் முடியாது? நான் எழுதாமல் அவர்களே வரிசை போட்டுக்கொண்டால் அப்புறம் நான் எதற்கு? அதிகாரி என்னை வேலைக்கு எடுத்த பிறகு இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பத்து நிமிடம் கோப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தேன். பிறகு மனோகரனை நிற்கவைத்து வரிசை சொன்னேன், பழையபடியே. ஏழாவது வீச்சு தலைக்கு மேலே போகும். நீ ஒரு காலை மடித்துக் குனிந்துவிட வேண்டும். அவன் குனிந்து காட்டினான். அவன் தலை என் இடுப்பு உயரத்துக்கு வந்தது.

அங்கிருந்து நடராஜா வீட்டுக்குப் போனேன். ஏழாவது வீச்சை மாற்றியிருக்கிறேன் தம்பி, இடுப்புக்கு வீசு, அவன் ஓர் எட்டு பின்னால் போவான் என்றேன். அதிகாரி பார்க்கிறார், முழு வேகத்தில் வீச வேண்டும் என்றும் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமை மழை இல்லை. தொண்ணூறு பேர். அதிகாரியை நடுவில் உட்காரவைத்தேன், வெயில் அவர் முதுகுக்குப் பின்னால். ஆறு வீச்சும் அழகாகப் போனது. ஏழாவதுக்கு மனோகரன் குனிந்தான், பித்தளைப் பூண் அவன் இடது பொட்டில் இறங்கியது. தேங்காய் உடைக்கிற சத்தம்தான், அதைவிடப் பெரிதாக இல்லை. அவன் உடனே விழவில்லை. மடித்த காலோடு அப்படியே இருந்தான். ஒரு கண் வெளியே வந்துவிட்டது, காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குக் கீழே ஓடியது. பிறகு முகம் குப்புற மண்ணில் விழுந்து, கால்கள் இரண்டும் உதறிக்கொண்டன.

கூட்டம் எழுந்து கை தட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தார்கள், அதிகாரியும் தட்டினார். நடராஜா கம்பைப் போட்டுவிட்டு மனோகரனின் தலையை மடியில் எடுத்து, வெளியே வந்திருந்த கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் உறுமிக்காரர்களுக்கு நிறுத்தாதே என்று சைகை காட்டினேன். நாலு நிமிடம் வாசித்தார்கள். அதற்குள் விருந்தினர்களை வடை இருக்கும் பந்தலுக்கு நகர்த்திவிட்டேன். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. மனோகரன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லாரியிலேயே செத்துப்போனான்.

உங்கள் ஆட்கள் விசாரித்தார்கள். நடராஜா என்னைக் காட்டி, "அண்ணன்தான் மாத்திச் சொன்னாரு" என்றான்.

"நான் எதுவும் மாத்தலயே தம்பி. நீ குழம்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். நாற்பதாம் நாள் அவன் வலது கையைப் பால் கொட்டகை மேடையில் வைத்து இடது கையில் பாரங் கத்தியால் மூன்று வெட்டு வெட்டினான். முதல் இரண்டில் எலும்பு விடவில்லை. பிழைத்துக்கொண்டான். ஒற்றைக் கையோடு இப்போதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புஷ்பவள்ளி வீட்டு வாசலில் போய் நிற்கிறானாம். அவள் கதவைத் திறப்பதில்லை. பிள்ளை பிறந்துவிட்டது.

நீங்கள் கேட்டீர்கள், இத்தனை மாதம் கழித்து ஏன் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று. நடராஜாவின் கைக்காக என்று எழுதிக்கொள்வது உங்களுக்கு வசதியாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்காக வருத்தப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக நான் வந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்.

நேற்று அதிகாரியின் அறிக்கை நகல் தபாலில் வந்தது. வேலை வேறு ஒருவருக்கு. அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: ஆட்டக்காரர்களுக்கு வரிசை சரியாகத் தெரிவிக்கப்படவில்லை, ஏற்பாட்டாளரின் கவனக்குறைவால் ஓர் உயிர் போனது. கவனக்குறைவு. இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு மேசைத் துணிகூட நான் கோணலாகப் போட்டதில்லை.

மனோகரனை நான்தான் கொன்றேன். வியாழக்கிழமையே முடிவு செய்து, யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அதனதன் இடத்தில் சொல்லி, ஐந்து மணி பத்தொன்பது நிமிடத்துக்குக் கொன்றேன். அதைத் தெளிவாக எழுதி, ஒரு நகல் அந்த அதிகாரிக்கும் அனுப்புங்கள். என் ஏற்பாட்டில் எந்தத் தவறும் நடக்கவில்லை.