செம்பாறைப் பள்ளத்தாக்கில் குகதாசன் மயங்கி விழுந்தது தொடர்பாக

எனது பெயர் வைத்திலிங்கம் தில்லைநாதன். வயது எழுபத்து நான்கு. ஓய்வுபெற்ற கணக்காளர். லண்டன், லூயிஷாமில் இறந்தவரின் மகள் அனோஜினியின் வீட்டில் வசிக்கிறேன். இறந்த குகதாசன் என் காலஞ்சென்ற மனைவியின் தம்பி. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் சொல் மாறிவிடும் என்று பயந்து, மரண விசாரணை அலுவலகத்தில் உரைபெயர்ப்பாளர் முன்னிலையில் தமிழிலேயே இதைக் கூறுகிறேன்.

வழிகாட்டி முரட்டுத்தனமாக வண்டி ஓட்டியதால் குகதாசனின் தலை வண்டியின் கம்பியில் மோதியது என்று அனோஜினி முறைப்பாடு செய்திருக்கிறார். அதனால் வழிகாட்டியின் அனுமதிப்பத்திரம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாக இங்குள்ள அதிகாரி கூறினார். குகதாசனின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருந்ததாகவும், காலையில் சாப்பிட்டவருக்கு அது எப்படி நேர்ந்தது என்றும் கேட்டார். எனக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

சென்ற ஆடி மாதம் நாங்கள் மூவரும் அமெரிக்காவில் அரிசோனாவுக்குச் சென்றோம். அங்கே நவஹோ மக்களின் நிலத்தில் உட்பாதைகளுக்கு அவர்களது வழிகாட்டி இல்லாமல் போக முடியாது என்பதால், டார்லீன் என்ற நவஹோ பெண்ணின் திறந்த வண்டியை அனோஜினி பதிவு செய்திருந்தார். பயண நாள் ஆடி அமாவாசையாக இருந்தது. குகதாசன் இறந்த தன் தந்தைக்காக அந்த நாளில் விரதம் பிடித்து வந்தவர். நீரிழிவு வந்த பின்னர் அனோஜினி அதை நிறுத்தியிருந்தார்.

அன்று காலை அனோஜினி வழக்கம்போலத் தந்தைக்கு இன்சுலின் ஊசி போட்டார். அதன் பின்னர் விடுதியின் சாப்பாட்டு அறைக்குப் போனோம். அனோஜினி தேநீர் எடுக்க எழுந்ததும், குகதாசன் தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மச்சான், இதையும் சேர்த்துச் சாப்பிடும். இண்டைக்கு அப்பான்ர விரதம். பின்னேரம் வந்து எள்ளும் தண்ணியும் இறைச்சுப் போட்டுச் சாப்பிடுறன்."

"ஊசி போட்டாச்செல்லே?" என்று கேட்டேன்.

"போடாட்டி அவள் கண்டுபிடிச்சிடுவாள். மனிசி இருக்கேக்க மனிசிக்குப் பயம், இப்ப மகளுக்குப் பயம். கெதியாச் சாப்பிடுமன், உமக்கு வண்டி வயிறு வைச்சால் நானோ பொறுப்பு?"

நான் இரண்டு பேரின் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். அவர் வெறுந்தட்டைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். திரும்பி வந்த அனோஜினி, "அப்பா, முழுக்கச் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டதற்கு, "ஓம் பிள்ளை, கோப்பையைப் பார்" என்று வெறுந்தட்டைக் காட்டினார்.

வண்டியில் ஏறுமுன் வழிகாட்டி, நோயுள்ளவர்கள் சொல்ல வேண்டும் என்றும், தன் பெட்டியில் தண்ணீரும் இனிப்புப் பானமும் இருப்பதாகவும் கூறினார். தந்தைக்கு நீரிழிவு என்றும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டார் என்றும் அனோஜினி சொன்னார். குகதாசன் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் ஆசனப் பட்டியைச் சரிசெய்து கொண்டிருந்தேன்.

பாதை மணலும் கல்லுமாக இருந்தது. இந்தக் குலுக்கலுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை என்று வழிகாட்டி சொல்ல, "உது எங்கட கவுன்சில் ரோட்டை விடத் திறம்" என்று குகதாசன் சிரித்தார். சிவந்த பாறைகளை என்னிடம் சுட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அதன் பின்னர் பேச்சு நின்றது. அந்தக் காற்றில் எங்கள் வியர்வை உடனே காய்ந்துவிட, அவருடைய சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. என் கையைப் பிடித்து, "மச்சான், அக்கா ஏறீட்டாவோ?" என்று கேட்டார். என் மனைவி இறந்து பல ஆண்டுகள். அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்ள முயன்றேன். அதன் பின்னர் அவர் முன்னால் சரிந்து, தலை கம்பியில் பட்டது. அப்போது வண்டி ஒரு மணல் ஏற்றத்தில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. சரிந்த பிறகே தலை பட்டது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வழிகாட்டி உடனே நிறுத்தி, அவரைப் பாறை நிழலில் கிடத்தி, உண்மையாகவே சாப்பிட்டாரா என்று கேட்டார். "நான் என்ர கண்ணால கோப்பையைப் பார்த்தனான், இது வெய்யில்தான். மாமா, நீங்களும் பக்கத்தில இருந்தனீங்கள்தானே?" என்றார் அனோஜினி. நான் குகதாசனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். வழிகாட்டி அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். தொலைபேசிக்கு அலை தேடி அனோஜினி மேட்டில் ஏறிய பின்னரே, குகதாசன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து இனிப்புப் பானத்தைக் குகதாசனின் கன்னத்தின் உட்புறம் தடவினார். விழுங்க முடியவில்லை. ஊசி போட்டது யார் என்று கேட்டார். மகள் என்றேன். மேட்டிலிருந்து இறங்கி வரும் அனோஜினியைப் பார்த்துவிட்டு, "அதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றார். அதன் பின்னர் அம்புலன்ஸ் நிற்கும் தார்ச்சாலை வரை வேகமாக ஓட்டினார். அன்று அவர் வேகமாக ஓட்டியது அந்த ஒரு தடவைதான். குகதாசன் மருத்துவமனையில் இறந்தார்.

வழிகாட்டி அனுப்பிய அறிக்கையை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் அவரிடம் சொன்ன எதுவும் அதில் இல்லை. அது இருந்திருந்தால் அவருடைய அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்டிருக்காது.

அனோஜினி கீழே காரில் காத்திருக்கிறார். அவர் உண்மை என்று நம்பித்தான் முறைப்பாடு செய்தார். இதன் பிரதி அவருக்குப் போகுமுன் நானே சொல்ல அவகாசம் கேட்டேன். நாளை காலை வரை தருவதாக அதிகாரி கூறினார்.

இது எனக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது. கூறியவை யாவும் உண்மை. எதையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை.

(ஒப்பம்) வை. தில்லைநாதன்