தரகர் சொன்ன பிசகு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. காகிதத்தை நாலாய் மடித்து அடியில் செருகினால் ஆடாது. நான் செய்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

விளையாட்டரங்கின் கிழக்குக் கூரை பலத்த காற்றைத் தாங்குமா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் அலுவலக வேலை. கூரையை நாற்பது லட்சம் துண்டுகளாக நறுக்குவோம். ஒரு துண்டு வளைந்தால் பக்கத்துத் துண்டும் வளையும். ஆக, நாற்பது லட்சம் சமன்பாடு, ஒன்றின் குடுமியை ஒன்று பிடித்துக்கொண்டு. ஒரே மூச்சில் தீர்க்க முடியாது. கணினி உத்தேசமாக ஒரு விடையை வைக்கும், எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்கும், திருத்தும், மறுபடி வைக்கும். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். பார்த்த உடனே புரிந்துவிட்டது, இது பேரம்.

இரண்டு பக்கமும் வீம்பு பிடித்தால் பேரம் படியாது. அதற்குத்தான் நடுவில் ஒரு தரகர். பிரீகண்டிஷனர் என்பார்கள், முரட்டுச் சமன்பாடுகளை முதலில் பதப்படுத்தி, சீக்கிரம் படியவைக்கிற துணைக் கணக்கு. நல்ல தரகர் அமைந்தால் மாதக்கணக்கு நாள்கணக்காகும். எங்களுக்கு அமைந்தவர் சுமார்.

மேலாளர் எத்தனை நாள் என்றார். பக்கத்து மேசை அக்கா பதினொன்று என்றார். நான் மூன்று என்றேன். எங்கள் வீட்டில் ஒருவர் பதினொன்று என்றால் மூன்று என்பதுதான் மரியாதை. மேலாளருக்குப் பேரம் பேசத் தெரியவில்லை, ஒத்துக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மாலைவரை பிசகு இறங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: எப்போது நிறுத்தலாம் என்பதை எங்கள் நிரல் சமன்பாடுகளிடம் கேட்பதில்லை, தரகரிடம் கேட்கிறது. அவர் சொல்லும் பிசகு ஒரு வரம்புக்குக் கீழே வந்தால் வேலை முடிந்தது. அவர் சொல்வதையெல்லாம் பத்து லட்சத்தால் வகு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் படிந்துவிட்டது. விடையை நான் தொடவில்லை, ஐயா. நிறுத்துகிற இடத்தைத்தான் தொட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். “என்னடா, சாயங்காலம் வரைக்கும் முரண்டு பிடிச்சுது, இப்ப பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு?”

“தரகரைக் கொஞ்சம் கவனிச்சேன்க்கா.”

“உன் தரகர் கெடக்கட்டும். விடையை நேரா சமன்பாட்டுல போட்டுப் பார்த்தியா?”

“பார்த்தேன்க்கா.”

அது பொய்யில்லை. பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு பொருந்தாமல் உதைத்தது. பார்த்தாயா என்றுதான் கேட்டார், என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. கேட்காத கிழிசலை எடுத்துக் காட்டிய வழக்கம் எங்கள் கடையில் இல்லை.

அறிக்கை போனது, கூரை ஏறியது, முதல் ஆட்டத்தன்று காற்றும் வந்தது. நாற்பத்தொரு பேர். அவர்களை மட்டும் தரகர் இல்லாமல் நேராகவே எண்ணினார்கள்.

ஆனால் கூரை நிற்கும் என்றுதான் நான் மனதார நம்பினேன். கட்டுகிறவர்கள் இரும்பை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். இதை அழுத்தி எழுதுங்கள்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்த டிக்கெட்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் தங்கை கிழக்குப் பக்கம் நான்கு இடம் பிடித்திருந்தாள். முந்தின வாரம் நான்தான் மேற்குக்கு மாற்றினேன். “அண்ணா, அங்க கூரையே கிடையாதே, பிள்ளைங்க கருகிடுமே” என்றாள். அதற்காகத்தான் மாற்றினேன். வளர்கிற பிள்ளைகள், உடம்பில் கொஞ்சம் வெயில் படட்டுமே என்று.