கோட்டை விட்டு விலகின புள்ளி

ஆமாம்மா, இந்தப் பேப்பர்ல கோவிந்தம்மான்னு எழுதிக்கீறியே, அது நாந்தான். இன்னொரு தபா சொல்லு. இந்த வளஞ்ச கோடு, நீ காலேஜ் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டது. ஊசியும் மாத்திரையும் ஒழுங்கா உள்ள போனா, என் மார்ல கீற கட்டி இந்தக் கோட்டோடவே சுருங்கிக்கினு வரணும். இந்தப் புள்ளிங்க, ஆஸ்பத்திரில நீங்க அளந்த அளவு. மாசி வரிக்கும் கோட்ட ஒட்டிக்கினுதான் வந்துது. அப்பறம் வுட்டுட்டு மேல போயிடுச்சு. சரியா?

டாக்டரு, மருந்து எனக்குக் கேக்கல, வேற மாத்தணும்றாரு. நீதான், இல்ல சார், பாதி மருந்துதான் உள்ள போனாப்பல கீது, கேட்டுட்டு வர்றேன்னு மண்ணூர் வரிக்கும் பஸ் ஏறி வந்துட்ட.

மோர் குடி. ஜோதி கடைஞ்சது, எம் பொண்ணு. வைகாசில கல்யாணம். மாப்ள பிள்ளைப்பாக்கம், கம்பெனில ஷிப்டு வேல. எனக்கு இந்த நோவுன்னு அவுங்களுக்குத் தெரியாது. தலையில துண்டு கட்டிக்கினு, திருப்பதில மொட்ட போட்டேன்னு சொல்லி வெச்சிக்கீறேன். தெரிஞ்சா, அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு எழுந்து போயிடுவாங்க.

இல்லம்மா, மறக்கல. வாந்தி வருதுன்னு தூக்கியும் போடல. ஊசி நீங்க போடறீங்க, அதுல ஒண்ணும் இல்ல. மாத்திரைதான வூட்டுக்குக் குடுத்து அனுப்பறீங்க.

எங்க வூட்டுக்காரருக்குக் கூட சொல்லல. வண்டி ஓட்டிட்டு வந்து படுத்தா எழுந்திருக்க மாட்டாரு. யாராண்ட சொல்றது? பயமா கீதும்மா.

மாசில ஜோதிக்குக் கல்யாண ஜாக்கெட்டு தெச்சி வந்துது. போட்டுப் பாருடின்னு நாந்தான் ஊக்கு மாட்டி வுட்டேன். கை பட்டுது. எனக்குக் கீற அதே எடம், கோலிகுண்டாட்டம் ஒரு கட்டி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா கல்யாணம் நின்னுடும். அதான், ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்லி, எம் மாத்திரைல பாதி அவளுக்குக் குடுத்துக்கினு வர்றேன்.

நேத்து அவ சீப்புல கொத்துக் கொத்தா முடி.

மெதுவாப் பேசு, வரா. என் கோடு எப்டியோ போவட்டும். என் கட்டிய அளப்பியே, அந்த ஸ்கேலு பையில கீதா? ஜாக்கெட்டு பிடிக்குது, திரும்ப அளவு எடுக்கணும்னு சொல்லிடறேன். மொதல்ல அவள அளந்து பாரு.